கருக்கலைப்பு: சட்டத்தின் கோடு எந்த வாரத்தில்?

சட்டம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "கருத்தரித்த நாளிலிருந்தே அது ஓர் உயிர், தொடக் கூடாது என்கிறார்கள் ஒரு சாரார். பிறக்கும் வரை அது பெண்ணின் உடம்பு, அவள் முடிவே முடிவு என்கிறார்கள் இன்னொரு சாரார். நம் சட்டம் 24 வாரம் என்கிறது. அந்த 24-க்கு என்ன அர்த்தம்? கோடு எங்கே இருந்தால் நியாயம்?"

நான் அரசு மருத்துவமனைகளில் 30 வருடத்துக்கு மேல் மகப்பேறு மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிரசவமும் பார்த்திருக்கிறேன், கருக்கலைப்பும் செய்திருக்கிறேன். இரண்டும் ஒரே கையால், சில நாட்களில் ஒரே காலையில். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 24 வாரம் வரை பெண்ணின் முடிவே போதும், அவளிடம் காரணம் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு காரணம் வேண்டும். ஆனால் அந்தக் காரணத்தை மாவட்டத்திலேயே மருத்துவர்கள் பார்த்து நாள் கணக்கில் முடிவு சொல்ல வேண்டும், நீதிமன்றத்துக்கு அனுப்பக் கூடாது. ஏன் இப்படி நினைக்கிறேன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

முதலில் வாரக்கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் பேசுகிறவர்கள்தான் அதிகம். கர்ப்பத்தின் வயதைக் கரு உருவான நாளிலிருந்து நாங்கள் எண்ணுவதில்லை, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். ஒரு பெண்ணுக்கு ஜூன் 1-ம் தேதி மாதவிடாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரு உருவாவது ஜூன் நடுவில். அடுத்த மாதவிடாய் ஜூன் 29 வாக்கில் வர வேண்டும். வரவில்லை. "நாள் தள்ளிப் போயிருக்கு, நாலு நாள் பாப்போம்" என்று இருக்கிறாள். ஜூலை 13 அன்று எங்கள் கணக்கில் 6 வாரம் முடிந்துவிடும். அதாவது "6 வாரக் கர்ப்பம்" என்றால் நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2021-ல் கொண்டுவந்த சட்டம் இதயத் துடிப்பு தெரிந்ததும், அதாவது ஏறக்குறைய 6 வாரத்தில், கதவைச் சாத்தியது. மாதவிடாய் ஒழுங்காக வராத பெண்ணுக்கு, முதல் முறை கருவுற்ற சிறு பெண்ணுக்கு, கதவு இருந்ததே தெரியாது.

எங்கேயாவது இயற்கையே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறதா? தேடிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இல்லை. 6 வாரத்தில் ஸ்கேனில் ஒரு துடிப்பு தெரியும். அப்போது அறைகள் பிரிந்த முழு இதயம் உருவாகியிருக்காது. 12 வாரத்தில் உறுப்புகளின் அடிப்படை அமைந்துவிடும். 18, 20 வாரத்தில் தாய் அசைவை உணர்வாள். வலி என்ற உணர்வுக்கு வேண்டிய நரம்புத் தொடர்புகள் 24 வாரத்துக்கு முன் மூளையின் மேற்புறணியோடு இணைவதில்லை என்பது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2010-ல் எடுத்த நிலைப்பாடு. அதைவிட முன்னதாகவே இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. 24 வாரம் வாக்கில் நுரையீரலில் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் திரவம் சுரக்கத் தொடங்குகிறது. எடை அரை கிலோவைத் தாண்டி கொஞ்சம். எல்லாமே விடியற்காலை வெளிச்சம் போல மெதுவாக வருவது. இந்த நிமிடம்தான் விடிந்தது என்று யாரும் கைகாட்ட முடியாது. ஆனால் சட்டத்துக்கு ஒரு நேரம் தேவைப்படுகிறது.

கருத்தரிப்பிலேயே கோடு போட வேண்டும் என்கிறவர்களை நான் ஏளனமாகப் பார்ப்பதில்லை. என்னோடு வேலை பார்த்த செவிலியர் ஒருவர், ஆழ்ந்த கத்தோலிக்கர், கருக்கலைப்பு நடக்கும் நாட்களில் அந்த அறைக்கு வரமாட்டார். அதை நான் மதித்தேன்; அவரும் என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. நம்பிக்கையாக அது முழுமையானது. அதையே தண்டனைச் சட்டமாக எழுதும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. "தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்" என்று ஒரு விலக்கு வைப்பார்கள். உயிருக்கு ஆபத்து எப்போது தொடங்குகிறது? காய்ச்சல் 101 ஆனபோதா, 103 ஆனபோதா? ரத்த அழுத்தம் விழுந்த பிறகா?

2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் சவிதா ஹலப்பனவர் இப்படித்தான் இறந்தார். கர்நாடகத்தைச் சேர்ந்தவர், பல் மருத்துவர், வயது 31. 17 வாரத்தில் கரு தங்காது என்று தெரிந்துவிட்டது. பிழைக்க வழியில்லாத கர்ப்பம். கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவுக்குத் துடிப்பு இருக்கிறது, சட்டப்படி முடியாது என்றார்கள். துடிப்பு நிற்கும் வரை காத்திருந்ததில் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவிவிட்டது. நீர்க்குடம் உடைந்த பிறகு நேரம் போகப்போகத் தொற்று எப்படி ஏறும் என்பது எங்கள் துறையில் முதல் வருட மாணவிக்கும் தெரியும். அங்கிருந்த மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்கும். சட்டம் கையைக் கட்டியிருக்கும்போது தெரிந்தவையும் கைக்கு வருவதில்லை. 2018 மே மாதம் பொதுவாக்கெடுப்பு நடத்தி 66 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்து அயர்லாந்து மக்கள் கருக்கலைப்பைத் தடுத்த அரசியலமைப்புப் பிரிவை நீக்கினார்கள்.

இலங்கையில் இன்றும் 1883-ன் தண்டனைக் கோவை, 303-ம் பிரிவு, இதே "உயிரைக் காப்பாற்ற மட்டும்" என்ற விலக்கோடுதான் இருக்கிறது. பாலியல் வன்முறைக்குக்கூட விலக்கு கிடையாது. அங்கிருந்து படிக்கும் தோழிகளுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய சட்டங்களில் ஒரு கோடு இருந்தது. இன்று பலர் மறந்துவிட்ட கோடு. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் 312-ம் பிரிவில் கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை. அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையின் அசைவை உணர்ந்த பிறகு என்றால் 7 ஆண்டு வரை. "பிள்ளை புரளுது" என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான் ஒரு காலத்தில் சட்டத்தின் அளவுகோல். தலைச்சன் பிள்ளைக்கு 18, 20 வாரத்தில் தெரியும். இரண்டாவது மூன்றாவது என்றால் 16 வாரத்திலேயே பிடிபட்டுவிடும். மருத்துவரின் கருவி காட்டாத, பெண் மட்டுமே அறிந்து சொல்லக்கூடிய கோடு அது. அறிவியல்படி துல்லியமில்லாதது. ஆனாலும் அதில் ஒரு உண்மை இருந்தது: அசைவு தெரிந்த நாளிலிருந்து பெண்ணுக்கும் வயிற்றில் இருப்பதற்கும் உறவு மாறுகிறது. 20 வாரத்துக்கு மேல் கருவைக் கலைக்க வந்த எந்தப் பெண்ணும் அதை லேசாக எடுத்துக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. "லேட்டாக வருகிறவர்கள் பொறுப்பில்லாதவர்கள்" என்று சொல்கிறவர்கள் அந்த வார்டில் ஒரு இரவு இருந்து பார்க்க வேண்டும்.

இனி நம் சட்டத்துக்கு வருகிறேன். 1964-ல் அமைத்த சாந்திலால் ஷா குழு 1966-ல் அறிக்கை கொடுத்தது. திருட்டுத்தனமாகக் கருவைக் கலைக்கப்போய்ப் பெண்கள் சாவது அன்று பெரிய கவலை. 1971-ல் எம்.டி.பி. சட்டம், அதாவது மருத்துவ முறையில் கர்ப்பத்தை முடிப்பதற்கான சட்டம், நிறைவேறி 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 12 முதல் 20 வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். பெண்ணின் உடல்நலம், மனநலம், வன்புணர்வு, கருவின் குறைபாடு, மணமானவர் என்றால் கருத்தடை தவறியது ஆகியவை காரணங்கள். அமெரிக்காவில் கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ வழக்கின் தீர்ப்பு வந்தது 1973-ல். அதற்கும் முந்தியவர்கள் நாம்.

ஆனால் இந்தச் சட்டத்தை வாசித்துப் பாருங்கள். பெண்ணுக்கு உரிமை உண்டு என்று எங்கும் சொல்லவில்லை. "பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு இப்படிக் கருதினால் அவர் குற்றவாளி ஆகமாட்டார்" என்றுதான் சொல்கிறது. அது எங்களுக்குக் கொடுத்த கேடயம். பெண்ணுக்குக் கிடைப்பது அந்தக் கேடயத்தின் நிழல். மருத்துவர் பயந்தால் நிழலும் இல்லை. எத்தனை வாரம் என்ற கேள்வியைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2021 திருத்தம் செப்டம்பர் 24 முதல் அமலுக்கு வந்தது. 20 வாரம் வரை ஒரே மருத்துவர் போதும். "மணமான பெண் அல்லது கணவர்" என்று இருந்ததை "பெண் அல்லது அவரது துணைவர்" என்று மாற்றினார்கள். 20 முதல் 24 வரை இரண்டு மருத்துவர்கள், அதுவும் குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் குன்றியவர்கள், குறைபாடுள்ள கருவைச் சுமப்பவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள். 24-க்கு மேல் என்றால் கருவில் கடுமையான குறைபாடு இருக்கிறது என்று மெடிக்கல் போர்டு சொல்ல வேண்டும். போர்டு 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடித் தேவை என்றால் எந்த வாரமும் தடையில்லை.

20-லிருந்து 24-க்கு ஏன் நகர்த்தினார்கள்? ஸ்கேன்தான் முக்கியமான காரணம். கருவின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில் எடுப்பது. அதற்கு முன் இதயத்தின் உள்ளமைப்பு தெளிவாகத் தெரியாது. அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்குத் தேதி வாங்கி, சந்தேகம் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, அங்கே மறுபடி ஸ்கேன், பனிக்குட நீர் எடுத்துச் சோதனை, அதன் முடிவுக்கு இரண்டு மூன்று வாரம். பழைய சட்டம் 20-ல் கதவை மூடியது. நோய் தெரிவதோ 21-ல், 22-ல். 2008-ல் மும்பையில் ஒரு தம்பதி கருவின் இதயக் கோளாறு தெரிந்து உயர் நீதிமன்றம் போனார்கள். மறுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் இந்தப் பேச்சு நாடு முழுவதும் எழுந்தது. சட்டம் மாற இன்னும் 13 வருடம் ஆனது.

அந்த 13 வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலைக்கிராமத்துப் பெண், இரண்டாவது கர்ப்பம். முதல் ஸ்கேனே 23 வாரத்தில்தான். பிள்ளைக்கு மண்டை ஓடு மூடவில்லை, மேல் மூளை இல்லை. பிறந்தாலும் சில மணி நேரம், அதிகம் போனால் சில நாள். சட்டம் அனுமதிக்காது, நீதிமன்றம் போகலாம் என்றேன். "கோர்ட்டு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். மெட்ராஸ் என்றேன். அவள் பேசவில்லை. ஒன்பது மாதமும் சுமந்தாள். பிறகு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பஸ்ல, கடையில, பாக்கறவங்க எல்லாம் எத்தனாவது மாசம், பையனா பொண்ணான்னு கேப்பாங்க. நானும் சிரிச்சுகிட்டே பதில் சொல்லுவேன்." பிள்ளை அன்று மாலையே போய்விட்டது. பால் கட்டாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அதனால் 24 என்ற எண்ணை நான் வரவேற்றேன். அந்த எண்ணில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. 24-க்கு முன் கர்ப்பத்தை முடிப்பதும் கருவின் உயிரை முடிப்பதும் ஒன்றே, பிரிக்க வழியில்லை. 24 வாக்கில் அவை பிரியத் தொடங்குகின்றன. வயிற்றுக்கு வெளியே, வெண்டிலேட்டர் துணையோடு, அது பிழைக்க முடியும். அந்தக் கட்டத்தில் கருவைக் கலைப்பதென்றால் முதலில் அதன் இதயத்துக்கு ஊசி போட்டுத் துடிப்பை நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் உயிரோடு பிறக்கும். அந்த ஊசியைப் பிடித்த கைக்குத் தெரியும், இது 10 வாரத்தில் மாத்திரை கொடுப்பது போன்றதல்ல. உடம்பு பெண்ணுடையது என்ற வாதம் 30-ம் வாரத்திலும் உண்மையே. ஆனால் அப்போது அது ஒன்று மட்டுமே உண்மை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, வலுவானது. பிழைக்கும் திறன் கருவில் மட்டும் இல்லை, ஊரிலும் இருக்கிறது. சென்னையின் பெரிய ஆஸ்பத்திரியில் 24 வாரத்துக் குழந்தைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தாலுகா ஆஸ்பத்திரியில் 28 வாரமே போராட்டம். கருவி மேம்பட மேம்பட கோடு கீழே இறங்குமா? இறங்கக் கூடாது என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் 1967 சட்டம் வந்தபோது 28 வாரம் எல்லையாக இருந்தது, 1990-ல் அதை 24 ஆக்கினார்கள். இன்னும் கீழே இறக்கச் சொல்லி வந்த கோரிக்கைகளை அவர்கள் நாடாளுமன்றம் ஏற்கவில்லை. காரணம் எளிது. கோட்டின் ஒரு பக்கம் குழந்தையின் பிழைப்பு என்றால் மறுபக்கம் பெண்ணுக்கு அறியவும் முடிவெடுக்கவும் வேண்டிய காலம். ஸ்கேன் 20-ல் என்றால் அவளுக்கு 24 வரையாவது வேண்டும். இந்த இரண்டு கணக்கும் சந்திக்கும் இடமாக 24 அமைந்திருக்கிறது. புனிதமான எண் இல்லை, ஆனால் பொருத்தமான எண்.

கனடாவில் 1988-க்குப் பிறகு வாரக்கணக்குச் சட்டமே இல்லை. அங்கே பெண்கள் 8-ம் மாதத்தில் வரிசையில் நிற்கவில்லை. மருத்துவ நெறிமுறையே போதும் என்று அவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் அது சரிவருமா என்று கேட்டால் தயங்குகிறேன். காரணம் பெண்சிசுக் கொலை. உசிலம்பட்டியும் சேலமும் என்ன காரணத்துக்காக நாடெங்கும் பேசப்பட்டன என்று என் தலைமுறை மறக்காது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது அதற்காகத்தான். பிறகு ஸ்கேன் வந்து, பிறந்தபின் செய்ததைப் பிறக்கும் முன்பே செய்ய ஆரம்பித்தார்கள். 1994-ன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் அதைத் தடுக்க வந்தது.

இந்தக் காரணத்தைக் காட்டியே வாரத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். அது தவறான மருந்து. பாலினத் தேர்வைத் தடுக்க வேண்டிய இடம் ஸ்கேன் அறை. அங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கர்ப்பப்பையின் வாசலில் காவல் போட்டால் பிடிபடுகிறவள் வேறொருத்தி. நானே பார்த்தது: ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் 12 வாரத்துக்கு மேற்பட்ட கேஸ் எதையும் தொடமாட்டார்கள் சக மருத்துவர்கள், சட்டம் இடம்கொடுத்தும். திருப்பி அனுப்பப்பட்ட பெண் எங்கே போவாள்? மருந்துக்கடைக்கு. 2015-ல் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்திருக்கும் என்று 2018 ஜனவரியில் லான்செட் குழுமத்து இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவை. மாத்திரை நல்ல மாத்திரைதான், 9 வாரத்துக்குள் சரியான அளவில் எடுத்தால். 14 வாரத்தில் யாரிடமும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு நடுராத்திரி ஆட்டோவில் ரத்தம் சொட்டச் சொட்ட வருகிறவர்களை நாங்கள்தான் பார்ப்போம்.

சட்டத்தில் இல்லாத கோடுகளை நாங்களும் போட்டோம், இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். "புருஷன் வரட்டும்" என்று சொல்லி அனுப்பிய ஆஸ்பத்திரிகள் எத்தனை! காப்பர்-டி போட்டுக்கொண்டால்தான் கலைப்போம், இரண்டு பிள்ளை இருந்தால் கருத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் என்று நிபந்தனை வைத்தோம். இரண்டு வாரம் அலைந்து அவள் திரும்பி வரும்போது 12 வாரம் 14 ஆகியிருக்கும். தாமதத்துக்கு அவளைத் திட்டியிருக்கிறோம். நானும் திட்டியிருக்கிறேன்.

சிறுமிகள் விஷயம் இன்னும் கடினம். போக்சோ சட்டப்படி 18-க்குக் கீழ் என்றால் மருத்துவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 17 வயதுப் பெண், காதலித்த பையன், கர்ப்பம். ஆஸ்பத்திரிக்குப் போனால் வழக்கு என்று தெரிந்ததும் தாய் அவளைக் கூட்டிக்கொண்டு வேறெங்காவது போய்விடுவாள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, இதற்கு ஒரு வழி சொன்னது: அந்தச் சிறுமியோ பெற்றோரோ கேட்டுக்கொண்டால் பெயர், அடையாளத்தை வெளியிடாமல் தகவல் கொடுக்கலாம். அதே தீர்ப்புதான் மணமாகாத பெண்களும் 24 வாரம் வரை வரலாம் என்றது; கணவன் செய்த வன்புணர்வையும் இந்தச் சட்டத்தின் தேவைக்கு வன்புணர்வாகக் கொள்ள வேண்டும் என்றது. வழக்குப் போட்டது 25 வயதுப் பெண், விவசாயக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். கூட இருந்தவர் கல்யாணத்துக்கு மறுத்துவிட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் அவர் எந்தப் பிரிவிலும் வரவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தது. நான் பிரிவுகளையே வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். வாழ்க்கை அந்த ஏழு கட்டங்களுக்குள் அடங்காது. வேலை போனவள், கணவன் விட்டுப்போயும் விவாகரத்து ஆகாதவள், கர்ப்பமே தெரியாமல் இருந்தவள் எல்லோரும் எந்தக் கட்டத்தில்?

கடைசியாகச் சொன்னவள் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கே வந்தாள். வயது 27, இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் மனநலச் சிகிச்சையில் இருந்தவள். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிடாய் வரவில்லை. கர்ப்பம் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. முதலில் இரண்டு நீதிபதிகள் அனுமதித்தார்கள். பிறகு எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர், கரு உயிரோடு பிறக்க வாய்ப்பிருக்கிறது, துடிப்பை நிறுத்தவா என்று கேட்டு எழுதினார். அந்த இரு நீதிபதிகளும் இரு கருத்தானார்கள். தலைமை நீதிபதி உள்ளிட்ட மூவர் அமர்வு அக்டோபர் 16 அன்று மறுத்தது. 26 வாரம் தாண்டிவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவில் குறையில்லை. பிரசவச் செலவை அரசு ஏற்கும், குழந்தையைத் தத்துக் கொடுப்பது பெற்றோர் விருப்பம் என்றது.

நான் கருவின் பக்கமிருந்து பார்த்தால் அந்தத் தீர்ப்பைத் தவறென்று சொல்ல மாட்டேன். பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் மனம் ஆறவில்லை. மனநோய் மருந்து உட்கொள்கிற ஒருத்தி, தன் பிள்ளைகளையே பார்த்துக்கொள்ள முடியாமல் இருக்கிறவள், இன்னும் பத்துப் பன்னிரண்டு வாரம் சுமக்க வேண்டும். "உயிரைக் காப்பாற்ற" என்ற சொல்லில் மனதின் உயிர் அடங்காதா? 24-க்குப் பிறகும் பெண்ணின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் கடுமையான கேடு என்றால் மெடிக்கல் போர்டு முடிவெடுக்கலாம் என்று சட்டம் இருந்திருந்தால், மனநல மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து அவளோடு பேசியிருப்பார். இருவரும் சேர்ந்து கலைப்பதா, சீக்கிரமே பிரசவம் பார்த்துக் குழந்தையை இன்குபேட்டரில் வைப்பதா, பொறுப்பதா என்று ஒரு வழிக்கு வந்திருப்பார்கள். ஒரு வாரம் நாடு முழுவதும் அவள் வயிற்றைப் பற்றி விவாதித்திருக்காது.

இதில் யாரும் கேட்காத ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. "பால் குடுக்கும்போது கரு நிக்காது" என்று நம் ஊரிலும் நம்புகிறார்கள். முதல் 6 மாதம், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிடாயும் வராமல் இருந்தால் மட்டுமே அது ஓரளவு உண்மை. குழந்தைக்குக் கஞ்சி ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பாதுகாப்பு கரைகிறது. இதை அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் உச்ச நீதிமன்றத்துக்கு வேலையே இருந்திருக்காது.

24-க்கு மேல் இன்று சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கருவில் குறை இருந்தால் போர்டுக்குப் போகலாம். வன்புணர்வுக்கு ஆளான சிறுமி போக முடியாது, நீதிமன்றம்தான். 2017-ல் சண்டிகரில் ஒரு 10 வயதுக் குழந்தை வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரப்பட்டாள். 32 வாரம் என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. மருத்துவர்கள் அந்த நிலையில் கலைப்பதே ஆபத்து என்றார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆகஸ்டில் சிசேரியன். 2024 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமிக்கு, ஏறக்குறைய 30 வாரத்தில், உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஒரே வாரத்தில் பெற்றோர் பயந்து மனம் மாற, உத்தரவைத் திரும்பப் பெற்றது. சிறுமிகள் தாமதமாகத்தான் வருவார்கள். தனக்கு நடந்தது என்னவென்றே தெரியாத குழந்தைக்கு வாரக்கணக்கு எப்படித் தெரியும்? கீழ் நீதிமன்றம், மேல் நீதிமன்றம் என்று போகும் ஒவ்வொரு வாரமும் கலைப்பதை இன்னும் ஆபத்தாக்குகிறது. 26-ல் செய்யக்கூடியதை 30-ல் செய்ய மருத்துவரே தயங்குவார். கடைசியில் "மருத்துவக் காரணத்தால் மறுப்பு" என்று தீர்ப்பு எழுதப்படும். அந்தக் காரணத்தில் பாதி அலைச்சலின் விளைவு.

ஆகவே மாணவியின் கேள்விக்கு என் விடை இது. 24 வாரம் வரை, பெண் கேட்டாள் என்பது போதும். மருத்துவர் பார்க்க வேண்டியது பாதுகாப்பை மட்டும். 24-க்கு மேல் தாயின் உயிர், உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் கேடு, கருவின் கடுமையான குறைபாடு, வன்புணர்வால் கருவுற்ற சிறுமி என்ற நான்குக்கும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஒரு போர்டு, அதில் கட்டாயம் ஒரு மனநல மருத்துவர், 3 நாள் கெடு. இவற்றில் எதுவும் இல்லாமல் ஆரோக்கியமான 28 வாரக் கருவைக் கலைக்கக் கேட்டால் முடியாது என்று சொல்லச் சட்டத்துக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன். அப்படிச் சொல்கிற அரசு, மீதி வாரங்களுக்கும் பிறகு வரும் குழந்தைக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

நீங்கள் சட்டம் படிக்கிறவர் என்பதால் ஒன்றைப் பார்க்கச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 88-ம் பிரிவு பழைய 312-தான். அதே 3 ஆண்டு, அசைவு தெரிந்த பிறகு அதே 7 ஆண்டு. கீழே ஒரு விளக்கம் இருக்கும்: தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்கு உட்பட்டவளே என்று. 1860-ல் எழுதியது, வார்த்தை மாறாமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் ரத்தம் சொட்ட வந்த அந்தப் பெண்கள் எங்களிடம் "தானா போச்சு டாக்டர்" என்று பொய் சொன்னது இந்த வரிக்குப் பயந்துதான். என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்று அவர்கள் சொல்லாததால் நாங்கள் இழந்த நேரத்தை நான் அறிவேன். எத்தனை வாரம் என்று விவாதிப்பதற்கு முன்னால் நீக்க வேண்டியது அந்த விளக்கத்தைத்தான்.